வலு நில அசைவுப் பதிவு

வலு நில அசைவுப் பதிவு என்பது, கட்டடங்களுக்கும் அணைகளுக்கும் சேதம் விளைவிக்கும் அளவுக்குக் கடுமையான நிலநடுக்கத்தின்போது நிலம் எவ்வாறு அசைந்தது என்பதை, மையப்பகுதிக்கு அண்மையிலிருந்தே அளந்து பதிவு செய்வதாகும். இதற்குப் பயன்படும் கருவி முடுக்கப் பதிவி எனவும், அது தரும் வரைவு முடுக்க வரைவு எனவும் அழைக்கப்படுகின்றன. பொதுவாக ஒரு கருவி ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில், அதாவது இரண்டு கிடைத் திசைகளிலும் ஒரு நிலைக்குத்துத் திசையிலும், நிலத்தின் முடுக்கத்தைப் பதிவு செய்யும்.

முடுக்கம் பெரும்பாலும் புவியீர்ப்பு முடுக்கத்தின் பின்னமாகக் குறிக்கப்படும். புவியீர்ப்பு முடுக்கம் நொடி வர்க்கத்துக்கு 981 சென்ரிமீட்டர் ஆகும். இதனை 1 ஜி என்பர். நொடி வர்க்கத்துக்கு 1 சென்ரிமீட்டர் என்பது ஒரு கால் என்னும் அலகாகும்.

நிலநடுக்கப் பொறியியலின் அடிப்படைத் தரவுகள் இப்பதிவுகளே. ஒரு பெரிய நிலநடுக்கம் ஓர் இடத்தில் மீண்டும் நிகழப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம். ஆகவே அந்தச் சில பத்து நொடிகளில் அங்கு கருவி இல்லையெனில், அத்தகவலைப் பின்னர் எவ்வகையிலும் பெற இயலாது. அதே வேளையில், கருவி தரும் பதிவு அப்படியே பயன்படுத்தத்தக்கதும் அன்று. பிழைகளை நீக்கிச் செயற்படுத்திய பின்னரே அது பொறியியலாளருக்குப் பயன்படும்.

நிலநடுக்கப் பதிவிக்கும் முடுக்கப் பதிவிக்கும் உள்ள வேறுபாடு

நிலநடுக்க ஆய்வகங்களில் உள்ள வழமையான நிலநடுக்கப் பதிவிகள் மிகுந்த நுண்ணுணர்வு கொண்டவை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நிகழும் நடுக்கத்தைக் கூட அவை காட்டும். ஆனால் கடுமையான நிலநடுக்கம் அருகில் நிகழும்போது அவற்றின் பதிவு எல்லை மீறிவிடும். வரைவின் உச்சிகள் வெட்டுண்டு, அசைவின் உண்மை அளவை அறிய முடியாமற் போகும். முடுக்கப் பதிவி இதற்கு மாறாக வடிவமைக்கப்பட்டது. மெல்லிய நடுக்கங்களைப் பொருட்படுத்தாமல், 1 ஜி அல்லது 2 ஜி வரையான கடும் அசைவையும் வெட்டுண்ணாமல் பதிவு செய்வதே அதன் நோக்கம்.

நிலநடுக்கம் எங்கே, எப்போது, எவ்வளவு ஆற்றலுடன் நிகழ்ந்தது என்பதை முதல் வகைக் கருவி கூறும். குறித்த ஓர் இடத்தில் நிலம் கட்டடத்தை எவ்வாறு உலுக்கியது என்பதை இரண்டாவது வகைக் கருவி கூறும்.

கருவியின் அமைப்பு

இயங்கும் தத்துவம்

முடுக்கப் பதிவியின் உள்ளே, வில்லுடன் இணைந்த ஒரு சிறு நிறையும் அதன் அலைவைத் தணிக்கும் ஓர் அமைப்பும் உள்ளன. நிறையின் இயல்பு அதிர்வெண், அளக்க வேண்டிய அசைவின் அதிர்வெண்ணை விட அதிகமாக இருக்குமாறு அமைக்கப்படும். அந்நிலையில், கருவிப் பெட்டியைச் சார்ந்து நிறை நகரும் தொலைவு நிலத்தின் முடுக்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இயல்பு அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ் எனில், 1 ஜி முடுக்கத்துக்கு நிறை நகரும் தொலைவு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் மட்டுமே. இச்சிறு நகர்வு கண்ணாடியாலும் ஒளிக்கற்றையாலும் பெருக்கிக் காட்டப்பட்டது.

ஒப்புமைக் கருவிகள்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவலாகப் பயன்பட்ட எஸ்.எம்.ஏ-1 என்னும் கருவி, 70 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒளிப்படச் சுருளில் அசைவை வரைந்தது. சுருளை எப்போதும் ஓடவிட முடியாது. ஆகையால் கருவி உறங்கு நிலையில் இருக்கும். நிலைக்குத்து அசைவு ஏறத்தாழ 0.01 ஜி அளவைத் தாண்டியதும் இயங்கத் தொடங்கும். இதனால் முதலில் வந்து சேரும் அலைகளின் தொடக்கப் பகுதி பதிவாவதில்லை. பதிவு தொடங்கும் கணத்தில் நிலம் ஏற்கெனவே அசைந்துகொண்டிருக்கும். இக்குறை பின்னர் தரவைச் செயற்படுத்தும்போது பெரும் இடையூறாகும்.

எண்ணிமக் கருவிகள்

எண்ணிம முடுக்கப் பதிவிகளில், நிறையை அதன் இடத்திலேயே நிறுத்தி வைக்கத் தேவைப்படும் மின்விசை அளக்கப்படுகிறது. அளவு நொடிக்கு 100 அல்லது 200 முறை எண்ணாக மாற்றப்படுகிறது. நினைவகம் இடையறாது இயங்குவதால், கருவி தூண்டப்படுவதற்கு முந்தைய சில நொடிகளும் காக்கப்படுகின்றன. 24 இரும எண் கொண்ட மாற்றி, முழு வீச்சை 1 கோடியே 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகளாகப் பகுக்கிறது. நேரம் செயற்கைக்கோள் வழியே பெறப்படுவதால், வெவ்வேறு நிலையங்களின் பதிவுகளை ஒரே கால அளவில் ஒப்பிடலாம்.

நிறுவும் இடம்

கருவியைக் கற்காரை மேடையில் இறுகப் பிணைக்க வேண்டும். பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் வைத்தால், நிலத்தின் அசைவுடன் கட்டடத்தின் தாக்கமும் கலந்துவிடும். அடியிலுள்ள மண் பாறையா, களிமண்ணா, ஆற்று வண்டலா என்பதும் அசைவைப் பெரிதும் மாற்றும். எனவே, கருவியின் திசை, இருப்பிடம், மண்ணின் தன்மை ஆகியவை குறிக்கப்படாத பதிவு பாதிப் பயனே தரும்.

வரலாறு

1932-இல் ஐக்கிய அமெரிக்காவின் கடலோர, புவிப்பரப்பு அளவைத் துறை கலிபோர்னியாவில் முதல் முடுக்கப் பதிவிகளை நிறுவியது. 1933 மார்ச் 10 அன்று நிகழ்ந்த லாங் பீச் நிலநடுக்கத்தின்போது உலகின் முதல் வலு நில அசைவுப் பதிவுகள் கிடைத்தன. 1940 மே 18 அன்று எல் சென்ட்ரோவில் கிடைத்த பதிவு, பல பத்தாண்டுகள் உலகெங்கும் பொறியியல் மாணவர்களின் பாட எடுத்துக்காட்டாக விளங்கியது.

1971-இல் சான் பெர்னாண்டோ நிலநடுக்கம் 200-க்கும் மேற்பட்ட பதிவுகளைத் தந்தது. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகம் இவற்றையும் பழைய பதிவுகளையும் ஒரே முறையில் எண்ணிமமாக்கி வெளியிட்டது. செயற்படுத்தாத முடுக்கம், திருத்திய முடுக்கமும் அதிலிருந்து பெற்ற திசைவேகமும் இடப்பெயர்ச்சியும், துலங்கல் நிறமாலை என்று தரவுகளைத் தொகுதிகளாகப் பிரிக்கும் வழக்கம் இம்முயற்சியால் நிலைபெற்றது.

1995-இல் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின்னர், சப்பான் நாடு முழுவதும் ஏறத்தாழ 1,000 நிலையங்களைக் கொண்ட கே-நெட் வலையமைப்பை 1996-இல் தொடங்கியது. 1999 செப்டம்பரில் தாய்வானில் நிகழ்ந்த சி-சி நிலநடுக்கம் 400-க்கும் மேற்பட்ட எண்ணிமப் பதிவுகளைத் தந்தது. 2011 மார்ச் 11 அன்று சப்பானின் தோகோகு நிலநடுக்கத்தில் சுகிதாதே நிலையம், மூன்று திசைகளையும் சேர்த்து 2,933 கால் முடுக்கத்தைப் பதிவு செய்தது. இது 1 ஜி அளவின் ஏறத்தாழ மூன்று மடங்காகும்.

பதிவுகளைச் செயற்படுத்தல்

முடுக்கத்தை ஒரு முறை தொகையிட்டால் திசைவேகமும், மீண்டும் தொகையிட்டால் இடப்பெயர்ச்சியும் கிடைக்கும். கோட்பாட்டளவில் இது எளிது. நடைமுறையில், முடுக்கத்தில் உள்ள மிகச் சிறு பிழையும் தொகையிடும்போது பன்மடங்காகப் பெருகும்.

எடுத்துக்காட்டாக, பதிவின் சுழியக் கோடு 0.001 ஜி மட்டும் விலகியுள்ளதாகக் கொள்வோம். இது நொடி வர்க்கத்துக்கு ஏறத்தாழ 0.98 சென்ரிமீட்டர். பதிவின் நீளம் 40 நொடி எனில்:

திசைவேகத்தில் பிழை: 0.98 × 40 = நொடிக்கு ஏறத்தாழ 39 சென்ரிமீட்டர்.

இடப்பெயர்ச்சியில் பிழை: ½ × 0.98 × 40 × 40 = ஏறத்தாழ 785 சென்ரிமீட்டர்.

அதாவது, வரைவில் கண்ணுக்கே தெரியாத ஒரு விலகல், நிலம் கிட்டத்தட்ட எட்டு மீட்டர் நகர்ந்துவிட்டதாகப் பொய்யாகக் காட்டும். நிலநடுக்கத்தின்போது கருவி நின்ற மேடை 0.057 பாகை சாய்ந்தாலே இவ்வளவு விலகல் ஏற்பட்டுவிடும். இப்பிழைகளைக் களைவதற்கான படிநிலைகள் பின்வருமாறு.

1. எண்ணிமமாக்கல்: ஒளிப்படச் சுருளில் உள்ள கோட்டை எண்களாக மாற்றும் பணி இது. தொடக்க காலத்தில் உருப்பெருக்கியின் உதவியுடன் ஒவ்வொரு புள்ளியாகக் கையால் குறித்தனர். பின்னர் ஒளிவருடிகள் வந்தன. சுருள் பக்கவாட்டில் ஆடியதால் விளைந்த பிழையை, சுருளிலேயே வரையப்பட்ட அசையாக் கோட்டைக் கழித்து நீக்குவர். எண்ணிமக் கருவிகளுக்கு இப்படி தேவையில்லை.

2. சுழியக் கோட்டுத் திருத்தம்: நிலநடுக்க அலை வருவதற்கு முந்தைய பகுதியின் சராசரியை முழுப் பதிவிலிருந்தும் கழிப்பர். முந்தைய பகுதி இல்லாத பழைய பதிவுகளில், முழுப் பதிவுக்கும் பொருந்தும் ஒரு நேர்கோட்டையோ வளைகோட்டையோ கணித்துக் கழிப்பர். தொகையிட்டுப் பெற்ற திசைவேகம் பதிவின் முடிவில் சுழியத்தை அடைகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனையாகும். நடுக்கம் ஓய்ந்த பின் நிலம் நகர்ந்துகொண்டே இருக்க முடியாது.

3. கருவித் திருத்தம்: அசைவின் அதிர்வெண் கருவியின் இயல்பு அதிர்வெண்ணை நெருங்கும்போது, கருவி அசைவைச் சிதைத்துக் காட்டும். கருவியின் இயல்பு அதிர்வெண்ணும் தணிப்பு அளவும் தெரிந்தால் இச்சிதைவைக் கணித்துத் திருத்தலாம். பழைய ஒப்புமைக் கருவிகளுக்கு இது இன்றியமையாதது.

4. வடிகட்டல்: மிகத் தாழ்ந்த அதிர்வெண்களிலும் மிக உயர்ந்த அதிர்வெண்களிலும், நிலநடுக்கத்தின் குறிகையை விட இரைச்சல் மேலோங்கும். பதிவின் ஃபூரியர் நிறமாலையை இரைச்சலின் நிறமாலையுடன் ஒப்பிட்டு, குறிகை தெளிவாக மேலோங்கி நிற்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியதை நீக்குவர். இதற்குப் பட்டர்வர்த் வடிகட்டி பெரிதும் பயன்படுகிறது. ஒளிப்படச் சுருள் பதிவுகளில் நம்பத்தக்க பகுதி பொதுவாக ஏறத்தாழ 0.1 முதல் 25 ஹெர்ட்ஸ் வரையாகும். வடிகட்டியைப் பதிவின் தொடக்கத்திலிருந்து முடிவுக்கும், பின்னர் முடிவிலிருந்து தொடக்கத்துக்கும் செலுத்தினால் அலைகளின் கால ஒழுங்கு மாறாது. இதற்காகப் பதிவின் இரு புறமும் போதிய சுழியங்களைச் சேர்க்க வேண்டும்.

5. தொகையிடல்: திருத்திய முடுக்கத்திலிருந்து திசைவேகமும் இடப்பெயர்ச்சியும் கணக்கிடப்படுகின்றன.

வடிகட்டலுக்கு ஒரு விலை உண்டு. பிளவுக்கு அருகில் நிலம் நிலையாகவே இடம் பெயர்ந்திருந்தால், அந்த நிலைத்த நகர்வு மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்டதாகையால் இரைச்சலோடு சேர்த்து நீக்கப்பட்டுவிடும். சி-சி நிலநடுக்கத்தில் பிளவை ஒட்டிய இடங்கள் சில மீட்டர் நகர்ந்தன. அத்தகைய பதிவுகளில் வடிகட்டுவதற்கு மாறாகச் சுழியக் கோட்டை மட்டும் கவனமாகத் திருத்தி, பெற்ற விடையைச் செயற்கைக்கோள் நில அளவையுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றனர்.

துலங்கல் நிறமாலை

உச்ச முடுக்கம் ஒன்றை மட்டும் கொண்டு சேதத்தைக் கணிக்க முடியாது. 0.1 ஜி வீச்சுள்ள அசைவு 10 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நிகழ்ந்தால் நிலத்தின் இடப்பெயர்ச்சி வீச்சு 0.25 மில்லிமீட்டர் மட்டுமே. அதே 0.1 ஜி, 0.5 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நிகழ்ந்தால் இடப்பெயர்ச்சி ஏறத்தாழ 10 சென்ரிமீட்டர். முன்னதை உயர்ந்த கட்டடம் பொருட்படுத்தாது. பின்னது அதனை ஊசலாட்டிவிடும்.

எனவே, வெவ்வேறு இயல்பு அலைவு நேரம் கொண்ட எளிய ஊசல் போன்ற பல அமைப்புகள் இந்நில அசைவின் மேல் நின்றிருந்தால் ஒவ்வொன்றும் அதிக அளவாக எவ்வளவு அசைந்திருக்கும் என்று கணக்கிட்டு வரைகின்றனர். இதுவே துலங்கல் நிறமாலை எனப்படுகிறது. பொதுவாக 5 விழுக்காடு தணிப்புக்கு இது வரையப்படும். இக்கருத்தை 1930-களில் மௌரிஸ் பியோ முன்வைத்தார். இதனைக் கணினியில் துல்லியமாகவும் விரைவாகவும் கணக்கிடும் முறையை இந்தியரான என். சி. நிகமும் பால் ஜென்னிங்சும் 1969-இல் வெளியிட்டனர். இம்முறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

இந்தியாவில் வலு நில அசைவுப் பதிவு

கொய்னா, 1967

மகாராட்டிர மாநிலத்தில் உள்ள கொய்னா அணை 103 மீட்டர் உயரமுள்ள கற்காரை அணையாகும். 1967 திசம்பர் 11 அன்று அதிகாலையில், 6.3 அளவுள்ள நிலநடுக்கம் இவ்வணைக்கு அருகில் ஏற்பட்டது. ஏறத்தாழ 180 பேர் உயிரிழந்தனர். தக்காணப் பீடபூமி நிலநடுக்கம் அற்ற உறுதியான நிலப்பகுதி என்ற எண்ணம் அன்றுவரை நிலவியது.

அணையின் அடித்தளக் கூடத்தில் இருந்த முடுக்கப் பதிவி இந்நடுக்கத்தைப் பதிவு செய்தது. உச்ச முடுக்கம் அணையின் நீளவாக்கில் 0.63 ஜி, ஆற்றோட்டத் திசையில் 0.49 ஜி, நிலைக்குத்தாக 0.34 ஜி என இருந்தது. ஜெய் கிருஷ்ணா, ஏ. ஆர். சந்திரசேகரன், எஸ். எஸ். சைனி ஆகியோர் இப்பதிவின் பகுப்பாய்வை 1969-இல் வெளியிட்டனர்.

அணை, தன் எடையில் 0.05 பங்கு கிடைவிசையைத் தாங்குமாறே வடிவமைக்கப்பட்டிருந்தது. பதிவான உச்ச முடுக்கம் அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. ஆயினும் அணை இடிந்துவிடவில்லை. அணையின் சரிவு மாறும் உயரத்தில் விரிசல்கள் தோன்றின. உச்ச முடுக்கம் கணப்பொழுதே நீடித்ததும், அசைவு உயர் அதிர்வெண் மிக்கதாக இருந்ததும் இதற்குக் காரணங்களாகும். ஆனால் விரிசல்கள் ஏன் அவ்வுயரத்தில் தோன்றின என்பதைப் பழைய நிலைவிசைக் கணக்கு விளக்கவில்லை. பதிவான அசைவைக் கொண்டு அணையின் அதிர்வைக் கணக்கிட்டபோது, அவ்விடத்தில்தான் இழுவிசை மிகுதியாக எழுந்தது என்பது புலனாயிற்று. அணை பின்னர் வலுப்படுத்தப்பட்டது. கற்காரை அணைகளின் கணினி மாதிரிகளைச் சோதிக்க உலகெங்கும் கொய்னா பதிவு இன்றும் பயன்படுகிறது. ஒரே ஒரு கருவி உரிய இடத்தில் இருந்ததன் பயன் இது.

வலையமைப்பு

ரூர்க்கி பல்கலைக்கழகத்தில் 1960-இல் நிலநடுக்கப் பொறியியல் பள்ளி தொடங்கப்பட்டது. இப்பல்கலைக்கழகம் 2001-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமாக மாற்றப்பட்டது. முடுக்கப் பதிவிகளுடன், விலை குறைந்த கட்டமைப்புத் துலங்கல் பதிவிகளும் இப்பள்ளியினரால் பல இடங்களில் நிறுவப்பட்டன. புகையேற்றிய கண்ணாடியில் ஊசல் கீறும் தடமே அவற்றின் பதிவு. அதிலிருந்து அதிக அளவு அசைவை அறியலாம். அது எந்த நொடியில் நிகழ்ந்தது என்பதை அறிய இயலாது.

1980-களில் காங்ரா, சில்லாங், உத்தரப் பிரதேச மலைப்பகுதி ஆகிய இடங்களில் முடுக்கப் பதிவித் தொகுதிகள் அமைக்கப்பட்டன. இவற்றிலிருந்து கிடைத்த முதன்மையான பதிவுகள் சில:

1986 ஏப்ரல் 26 – தர்மசாலா நிலநடுக்கம்.

1991 அக்டோபர் 20 – உத்தரகாசி நிலநடுக்கம். 13 நிலையங்களில் பதிவானது. உத்தரகாசியில் உச்ச முடுக்கம் ஏறத்தாழ 0.31 ஜி.

1999 மார்ச் 29 – சமோலி நிலநடுக்கம். கோபேசுவரில் உச்ச முடுக்கம் ஏறத்தாழ 0.36 ஜி.

பதிவாகாத நிலநடுக்கங்கள்

1993 செப்டம்பர் 30 அன்று லாத்தூர் பகுதியில் 6.2 அளவுள்ள நிலநடுக்கம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அப்பகுதி அக்கால வரைபடத்தில் மிகக் குறைந்த இடர் மண்டலத்தில் இருந்தது. எனவே அருகில் முடுக்கப் பதிவி ஏதும் இல்லை. அங்கு நிலம் எவ்வளவு முடுக்கத்துடன் அசைந்தது என்பது, இடிந்த கல்வீடுகளைக் கொண்டு பின்னர் உய்த்துணரப்பட்டதே.

2001 சனவரி 26 அன்று நிகழ்ந்த பூச்சு நிலநடுக்கத்திலும் இதே நிலை. கட்ச் பகுதியில் அசைவைக் காலவரிசையில் காட்டும் முடுக்கப் பதிவி இல்லை. அஞ்சார் உள்ளிட்ட சில இடங்களில் துலங்கல் பதிவிகளின் கீறல்கள் மட்டும் கிடைத்தன. முழுமையான முடுக்க வரைவு, மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் ஒரு பலமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் கிடைத்தது. அங்கு உச்ச முடுக்கம் ஏறத்தாழ 0.1 ஜி மட்டுமே. ஆயினும் அந்நகரில் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்தன. தொலைவிலிருந்து வந்த நீண்ட அலைவு நேர அலைகளும் வண்டல் மண்ணும் உயர்ந்த கட்டடங்களை எவ்வாறு தாக்கும் என்பதை இவ்வொரு பதிவு விளக்கியது.

இதன் பின்னர், இமயமலை, வடகிழக்கு மாநிலங்கள், தில்லி ஆகிய பகுதிகளில் ஏறத்தாழ 300 எண்ணிமக் கருவிகளைக் கொண்ட வலையமைப்பை ரூர்க்கி கழகம் நிறுவியது. குசராத்து அரசு நிலநடுக்க ஆய்வுக்கெனத் தனி நிறுவனம் ஒன்றைக் காந்திநகரில் தொடங்கியது.

தமிழ்நாட்டின் நிலை

1900 பெப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கம், தென்னிந்தியாவில் அறியப்பட்டவற்றுள் பெரியவற்றில் ஒன்று. அதன் அளவு ஏறத்தாழ 6 என மதிப்பிடப்படுகிறது. அந்நாளில் உலகில் எங்கும் முடுக்கப் பதிவி இல்லை. மக்கள் உணர்ந்ததையும் சுவர்களில் ஏற்பட்ட சேதத்தையும் கொண்டே அதன் மையமும் அளவும் கணிக்கப்பட்டுள்ளன. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. சென்னையிலும் அது உணரப்பட்டது. 2018 சூலை 22 அன்று சேலம், தருமபுரி மாவட்டங்களில் 3.3 அளவுள்ள மெல்லிய நடுக்கம் உணரப்பட்டது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பின் 2002 பதிப்பில் சேலம் நகரம் மூன்றாம் மண்டலத்தில் பட்டியலிடப்பட்டது. அம்மண்டலத்துக்கான காரணி 0.16 ஆகும். சேலம்–நாமக்கல் சமவெளியில் தொன்மையான கடினப் பாறை பெரும்பாலும் ஆழமின்றியே அமைந்துள்ளது. போதமலைக்கும் கொல்லிமலைக்கும் அருகிலுள்ள நாமகிரிப்பேட்டை போன்ற ஊர்களில், பாறையின் மேல் கட்டிய வீடும் பள்ளத்தாக்கின் மண்படிவின் மேல் கட்டிய வீடும் ஒரே நிலநடுக்கத்தில் வெவ்வேறாக உலுக்கப்படும். மென்மண் சில அலைவு நேரங்களில் அசைவைப் பெருக்கும் என்பது பிற நாடுகளின் பதிவுகளால் நிறுவப்பட்டது. ஆனால் அப்பெருக்கம் இவ்வூர்களில் எவ்வளவு என்பதை இங்குள்ள நிலத்தில் எடுக்கும் அளவீடே கூற முடியும்.

சேதம் விளைவிக்கும் நிலநடுக்கங்கள் அரிதாக நிகழும் இத்தகைய பகுதிகளில், பொறியியலாளர் பிற இடங்களின் பதிவுகளையும் கணினியில் உருவாக்கிய செயற்கை அசைவுகளையும் துணைகொள்கின்றனர். அரிதாக நிகழ்வது கருவி வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. லாத்தூரில் நிகழ்ந்ததைப் போல், அடுத்த வாய்ப்புக்குப் பல தலைமுறைகள் காத்திருக்க நேரிடலாம்.

பதிவைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை

பதிவு செயற்படுத்தாததா, திருத்தியதா என்பதை முதலில் அறிய வேண்டும். ஏற்கெனவே வடிகட்டிய பதிவை மீண்டும் வடிகட்டுதல் தவறாகும்.

எந்த அதிர்வெண் எல்லைகளுக்குள் வடிகட்டப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 0.1 ஹெர்ட்ஸ் அளவில் வடிகட்டிய பதிவைக் கொண்டு 10 நொடி அலைவு நேரமுள்ள கட்டமைப்பை ஆராய்தல் கூடாது. அவ்வெல்லைக்குச் சற்று முன்னரே நிறுத்திக்கொள்வது நன்று.

அலகு ஜி-யா, காலா என்று சரிபார்க்க வேண்டும்.

கருவி திறந்த நிலத்தில் இருந்ததா, கட்டடத்திலா, அணையிலா என்று அறிய வேண்டும்.

செயற்படுத்தாத மூலப் பதிவை எப்போதும் காத்து வைக்க வேண்டும். முறைகள் மேம்படும்போது, பழைய பதிவிலிருந்தும் புதிய தகவல் பெற இயலும்.

இவற்றையும் பார்க்க

நிலநடுக்கம்
நிலநடுக்கப் பதிவி
கொய்னா அணை
2001 குசராத்து நிலநடுக்கம்